கொல்லன் தெருவில் ஊசி விற்பவர்கள்

முதன்முதலாக நான் போன மாடல் ரயில் கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையங்களை மேலே மடக்கிக் கட்டியிருந்தார்கள். தரையில் பூப்பந்துக் கோடுகள். கோடுகளின் மேல் மேசைகள், மேசைகளின் மேல் ஊர்கள். நாங்கள் ஸ்விண்டனுக்கு வேலைக்காகக் குடிவந்து இரண்டாவது குளிர்காலம் அது. ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை, பையனுக்கு ஏழு வயது. வீட்டில் உட்கார்ந்தால் சண்டைதான் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவன் அரைமணி நேரத்தில் சலித்துப்போய் கேக் விற்கும் மேசைக்குப் போய்விட்டான். மாட்டிக்கொண்டவன் நான்தான்.

நம் ஊரில் லேஅவுட் என்றால் மனைப்பிரிவு. இந்த உலகத்தில் லேஅவுட் என்றால் மேசையளவு நிலப்பரப்பு. ஒரு கிளைப்பாதையின் கடைசி நிலையம், பக்கத்தில் சரக்குக் கொட்டகை, ஒரு கல் பாலம், சரிவில் ஆடுகள். பின்னால் வானம் தீட்டிய பலகை. பலகைக்குப் பின்னால் நின்று இரண்டு மூன்று பேர் ரயில் ஓட்டுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நாம் பார்க்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கத்தில் இருக்கும் ‘தி மாடல் ரயில்வே கிளப்’ 1910இல் தொடங்கியது. தாமஸ் ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரிகூடத் தன் லேஅவுட்டைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய்க் காட்டியவர்தான்.

சில வருஷங்களில் உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். அதன் செய்தி இதழுக்குக் கண்காட்சிகளைப் பற்றி எழுதவும் ஆரம்பித்தேன். ஒவ்வொரு லேஅவுட்டையும் எடுத்துக்கொண்டு அதன் நிறம், விகிதம், வெளிச்சம், வண்டி நகரும் வேகம் என்று நாலு பக்கம் எழுதுவேன். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிற அதே மும்முரம். அப்படி எழுதிய ஒரு கட்டுரையின் கடைசி வரி: ‘வணிகர்களும் வழக்கம்போல வந்திருந்தனர்.’

அடுத்த கண்காட்சியில் சுவரோரம் கடை போட்டிருந்த ஒரு பெரியவர் அந்த இதழை மடித்து மேசைக்கடியில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். “வழக்கம்போலன்னு எழுதியிருக்கீங்க. முந்தின வருஷம் இங்க கடை போட்ட பதினோரு பேர்ல மூணு பேர் அன்னைக்கு வரல. கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த வரிக்கு நான் போடும் திருத்தம்.

*

தேர் பார்த்துவிட்டு வந்தவன் தேரைப் பற்றித்தான் எழுதுவான், தேரடிக் கடைகளைப் பற்றி எழுதமாட்டான். அது இயல்புதான். ஆனால் இங்கே தேரின் அச்சாணியே தேரடிக் கடையில் வாங்கியது.

கண்காட்சியின் வரவு செலவை முதலில் பார்த்துவிடலாம். லேஅவுட் கொண்டுவருகிறவர்களுக்கு வேன் வாடகை, எரிபொருள், இரவு தங்கல் என்று செலவுப் பணத்தைச் சங்கம் கொடுக்கும். கடை போடுகிறவர்கள் மேசைக்கு இவ்வளவு என்று சங்கத்துக்குக் கொடுப்பார்கள். நுழைவுச் சீட்டு, டீ, கேக், மேசை வாடகை எல்லாம் சேர்ந்துதான் கூடத்தின் வாடகையைக் கட்டும். ஆக, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற கலைக்குச் சுவரோரம் நிற்கிற வியாபாரமும் படியளக்கிறது.

சுவரோரத்தில் பல ஜாதி வியாபாரிகள் உண்டு. பெட்டி போட்ட புது எஞ்சின்களை அடுக்கி வைத்திருப்பவர்கள், பழைய வேகன்களை அட்டைப்பெட்டியில் கொட்டி ‘எது எடுத்தாலும் ஐந்து பவுண்டு’ என்பவர்கள், பழைய பத்திரிகை விற்பவர்கள், அரை மில்லிமீட்டர் துளையிடும் ஊசியும் இடுக்கியும் விற்பவர்கள். இவர்களைத் தாண்டி இன்னொரு வகை. ஒரே மேசை. பின்னால் துளைப் பலகையில் கொக்கி கொக்கியாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான சின்ன பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் தட்டச்சு செய்த ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே நகத்தளவு உலோகம்: புகைபோக்கி, பஃபர், அச்சுப்பெட்டி, விளக்கு, கைப்பிடி. எழுபது வயதுக்காரர் ஒருவர் அடிக்கிற வேனில் இவை எல்லாவற்றையும் ஏற்றி விடிகாலையில் வந்திறங்கியிருப்பார். பல சமயம் மனைவி கல்லாவில் இருப்பார்.

இந்தச் சாமான்களை வாங்கி விற்பதில்லை, அவர்களே உண்டாக்குகிறார்கள். பித்தளையில் ஒரு மூல உருவத்தைக் கையால் கடைந்து, அதை ரப்பரில் பதித்து அச்சு எடுத்து, அச்சைச் சுழலவிட்டு உருக்கிய வெள்ளை உலோகத்தை ஊற்றுவார்கள். சுழலும் வேகத்தில் உலோகம் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். தகட்டு வேலை என்றால் படத்தைப் பெரிதாக வரைந்து, சுருக்கி, பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுப்பது. ரப்பர் அச்சு நாளாவட்டத்தில் தேயும்; புது அச்சு எடுக்க மூல உருவம் பத்திரமாக இருக்க வேண்டும். மூல உருவம் பெரும்பாலும் அவர் வீட்டு ஷெட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும்.

முதல் தடவை ஒரு பையை வீட்டுக்கு எடுத்துப் போனபோது மனைவி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க, இதுக்கு ஆறு பவுண்டா? சட்டைப் பட்டன் மாதிரி இருக்கு!” நியாயமான கேள்விதான். மூல உருவம் கடைய ஆன நாட்களையும், வேன் டீசலையும், மேசை வாடகையையும் கூட்டினால் ஆறு பவுண்டு எதற்கும் காணாது என்பதுதான் பதில். இவர்களில் பலருக்கும் சோறு போடுவது ஓய்வூதியம். கடை தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு.

கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று கேட்கும் நம் பழமொழி. உருப்படாத வியாபாரம் என்று அர்த்தம். இவர்கள் செய்வது அட்சரம் பிசகாமல் அதைத்தான். அந்த மேசைக்கு வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் கடைசல் எந்திரம் வைத்திருப்பவர்கள், சால்டர் வைக்கத் தெரிந்தவர்கள், தாங்களே செய்துகொள்ளக் கூடியவர்கள். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வார்ப்பின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கொல்லனுக்கும் ஊசி வேண்டும். மட்டமான ஊசியை மட்டும் அவனிடம் விற்க முடியாது.

*

ஏன் இப்படி ஒரு வியாபாரம் உண்டாயிற்று என்பதற்கு ஒரு எண்ணில் பதில் இருக்கிறது: 2.33 மில்லிமீட்டர்.

பிரிட்டனில் அதிகம் புழங்கும் அளவு ‘டபுள் ஓ’. நிஜத்தில் ஒரு அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 18.83 வர வேண்டும். கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலமோ 16.5. எஞ்சினும் பெட்டியும் 4 மில்லிமீட்டர் கணக்கில், தண்டவாளம் மட்டும் 3.5 மில்லிமீட்டர் கணக்கில். காரணம் பழையது. ஐரோப்பா தேர்ந்துகொண்ட 3.5 அளவில் செய்தால் பிரிட்டனின் எஞ்சின்கள் மிகச் சிறியதாகிவிடும். அந்தக் காலத்து மோட்டார் அதன் வயிற்றுக்குள் நுழையாது. எனவே உடம்பைப் பெரிதாக்கித் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938இல் ஹார்ன்பி டப்ளோ வந்தபோது இந்தச் சமரசம் கல்லில் செதுக்கியதாகிவிட்டது. முன்னால் நின்று பார்த்தால் எல்லா எஞ்சினும் காலை ஒட்டி வைத்து நடக்கும் பெரிய மனிதரைப் போல இருக்கும்.

பெரும்பாலோருக்கு இது உறுத்தாது. சிலருக்கு உறுத்தியது. அவர்கள் 18 மில்லிமீட்டரை ஒட்டி ஒரு அளவை வைத்துக்கொண்டு 1955இல் இ.எம். கேஜ் சொசைட்டி தொடங்கினார்கள். அறுபதுகளில் இன்னும் கறாரான சிலர் சரியாக 18.83தான் வேண்டும் என்று ‘பி ஃபோர்’ தரத்தை வகுத்தார்கள். சரி, தரத்தை வகுத்தாயிற்று. சக்கரத்துக்கு எங்கே போவது? அச்சுக்கு? பெருநிறுவனங்களுக்கு இது லாபமில்லாத சில்லறைக் கூட்டம். அந்த இடைவெளியில்தான் சிறுவணிகர் நுழைந்தார். சக்கரம் கேட்டால் விட்டம் என்ன, எத்தனை ஆரம், கிராங்க் முளை ஆரத்தின் நேராகவா ஆரங்களுக்கு நடுவிலா என்று திருப்பிக் கேட்கிற வணிகர். பெரிய கடையில் யாரும் கேட்காத கேள்விகள் அவை.

சிறுபத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முந்நூறு வாசகர்களுக்காக ஒருவர் தன் காசைப் போட்டு அச்சடிப்பார். அந்த முந்நூறு பேர்தான் அவரை உயிரோடு வைத்திருப்பார்கள், அதே முந்நூறு பேர்தான் அவர் செய்யும் பிழைகளையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

*

இனி என் எஞ்சின் கதை.

ஸ்விண்டனில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறை 1986இல் மூடப்பட்டது. கட்டடங்களில் ஒரு பகுதி இப்போது துணிக்கடை வளாகம், இன்னொரு பகுதி ரயில் அருங்காட்சியகம். சனிக்கிழமைகளில் மனைவியும் பையனும் துணிக்கடைப் பக்கம், நான் அருங்காட்சியகப் பக்கம். அங்கே 2516 என்ற எண்ணோடு ஒரு எஞ்சின் நிற்கிறது. டீன் கூட்ஸ் என்பார்கள். 1883 முதல் 1899 வரை இதே பட்டறையில் கட்டிய 260 எஞ்சின்களில் ஒன்று. அழகி என்று சொல்லமுடியாது. ஆனால் சொன்ன வேலையைச் செய்கிற முகம். இரண்டு உலகப் போர்களிலும் இந்த வகை எஞ்சின்களை ராணுவம் எடுத்துக்கொண்டு போனது. சில திரும்பி வந்தன, பல வரவில்லை. அதைச் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பழைய சாமான் பெட்டியில் யாரோ பாதியில் விட்ட பித்தளைத் தகட்டுக் கிட் ஒன்று கிடைத்தது. வார்ப்புகள் தொலைந்திருந்தன. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போன ஒரு கண்காட்சியில், நான் சொன்ன அந்தப் பெரியவரின் மேசையில், புகைபோக்கியைக் கண்டுபிடித்துவிட்டேன். பையைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் காசை வாங்கவில்லை.

“எந்த நம்பர் எஞ்சின்?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“எந்த வருஷம்?”

“வருஷமா? சும்மா… முப்பதுகள்னு வச்சுக்கலாம்.”

“சும்மான்னு ஒரு வருஷம் கிடையாது” என்றார். பையை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் கொக்கியில் மாட்டினார். “நம்பரை முடிவு பண்ணுங்க. அந்த வருஷத்து போட்டோ ஒண்ணு தேடிப் பாருங்க. உங்களுக்கு வேண்டியது வேற புகைபோக்கியா இருக்கலாம். அடுத்த தடவை ரெண்டையும் கொண்டுவர்றேன்.”

கோபமாக வந்தது. ஆறு பவுண்டு வியாபாரம் வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரர். வீட்டுக்கு வந்து வீம்புக்காகவே படங்களைத் தேடினேன். ஒரே எண், இரண்டு படங்கள். ஒன்றில் உலையின் முதுகு உருண்டையாக இருந்தது. பிந்திய படத்தில் சதுரத் தோளோடு பெல்பேர் உலை. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் எதையாவது மாற்றியிருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு ஒரே உருவம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு உருவம். நான் செய்யப் புறப்பட்டது எந்த வருஷத்திலும் ஓடியிராத ஒன்றை.

நாலு பக்கம் நாலு பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நான் எந்த லேஅவுட்டையும் பார்த்து ‘எந்த வருஷம்?’ என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒளி நன்றாக இருக்கிறது, சூழல் உயிரோடு இருக்கிறது என்பதெல்லாம் விமர்சனமே இல்லை, பாராட்டுப் பத்திரம். ஒரு படைப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது உண்மையா என்று கேட்கிற முதல் வேலையை, விற்பனையை இழந்து, அவர் செய்தார்.

*

இதே கேள்வியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

லேஅவுட்டுகளின் பக்கம் திருப்பினால் ஒரு விஷயம் தெரிகிறது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 1963க்கு முன்னால் நின்றுவிடுகின்றன. அந்த வருஷம்தான் பீச்சிங் அறிக்கை வந்து, இரண்டாயிரத்துக்கும் அதிகமான நிலையங்களை மூடச் சொன்னது. மூடப்போகிற நிலையத்தின் கடைசி வெயில்காலம், என்றைக்கும் பிற்பகல், என்றைக்கும் லேசான வெயில். ஏக்கம் தப்பில்லை. ஊரை விட்டு வந்த நான் ஏக்கத்தைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ‘சும்மா ஐம்பதுகள்’ என்று ஒரு காலம் கிடையாது. 1956இல் லண்டன் டிரான்ஸ்போர்ட் பார்படாஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. ரயிலிலும் பேருந்திலும் கறுப்பர்கள் வேலைக்குச் சேர்ந்த காலம் அது. கிராமத்துக் கிளைப்பாதையில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். நான் பார்த்த நகரத்து லேஅவுட்டுகளின் நடைமேடைகளிலும் அவர்கள் இல்லை.

வணிகர்களின் பக்கம் திருப்பினால் அவர்களும் தப்பமாட்டார்கள். மனித உருவங்கள் விற்கிற மேசைகளில் நிலைய அதிகாரி, போர்ட்டர், பாதிரியார், கூடைக்காரப் பெண்மணி என்று ஒரே ஐந்தாறு பேர்தான் திரும்பத் திரும்ப. எல்லோரும் ஒரே கிட்டைக் கட்டுவதால் எல்லா ஊரிலும் ஒரே சரக்குக் கொட்டகை. சிறுவணிகம் என்பதாலேயே பன்மை வந்துவிடுவதில்லை. ஒருநாள் பெரியவரிடம் இதைக் கேட்டேன். வர்ணம் பூசாத போர்ட்டர் ஒருவரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இருந்தார் போர்ட்டர். “நான் விக்கிறது இப்படித்தான். நிறம் வாங்குறவங்க கையில” என்றார். அது பாதிப் பதில். முகத்தின் அமைப்பும் உடையும் வார்ப்பிலேயே வந்துவிடுகின்றன. அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத்தனை வருஷத்துல வேற ஆள் வேணும்னு யாரும் கேட்டதில்ல” என்றார். நானும்தான் அதுவரை கேட்டதில்லை.

கேட்டால் செய்யக்கூடியவர் என்பதுதான் இங்கே முக்கியம். பெருநிறுவனம் ஒரு எஞ்சினுக்கு எஃகு அச்சு செய்யப் பெரும் முதல் போடுகிறது. ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஏற்கனவே பிடித்ததைத்தான் அது செய்ய முடியும். சிறுவணிகர் முப்பது பேர் கேட்டாலே ரப்பர் அச்சு எடுத்துவிடுவார். ஆக, இருந்தவற்றில் எதையெல்லாம் மறுபடி உருவாக்கமுடியும் என்பதைத் தீர்மானிப்பது பல சமயம் அந்த பிஸ்கட் டின்தான். ஒரு சிறு ரயில் கம்பெனியின் வேகன் அச்சுப்பெட்டியை ஒரே ஒருவர் வார்க்கிறார் என்றால், அவர் நிறுத்திய மறுநாள் அந்த வேகனைச் செய்ய நினைப்பவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, பெருநிறுவனங்களின் சரக்கும் இப்போது வெகு நேர்த்தி. சீனாவில் செய்து பெட்டியில் வந்திறங்கும் எஞ்சின், என் போன்றவன் ஆறு மாசம் கட்டும் கிட்டைவிடத் துல்லியமாக ஓடும். ஒரு எஞ்சின் வகையை அவர்கள் அறிவித்துவிட்டால், அதே வகைக்குக் கிட் விற்றுக்கொண்டிருந்தவரின் கொக்கியில் பைகள் அப்படியே தூசி படியும். நுகர்வோருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைப்பவனிடம் யாரும் ‘எந்த வருஷம்?’ என்று கேட்பதில்லை.

*

பெரியதும் நிலைக்கவில்லை. பர்மிங்ஹாமின் என்.இ.சி. அரங்குகளில் வருஷாவருஷம் நடந்துவந்த வார்லி கண்காட்சி, இந்த உலகத்தின் பெருந்திருவிழா, 2023 நவம்பரோடு நின்றது. 1946இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை 2024 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடங்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அங்கே இப்போது சில புது மேசைகளும் தென்படுகின்றன. முப்பரிமாண அச்சில் எடுத்த பிசின் உருவங்களை விற்கும் இளைஞர்கள். மூல உருவம் கணினிக் கோப்பாக இருக்கிறது, ரப்பர் தேயும் கவலை இல்லை, ஒன்றே ஒன்று கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். போர்ட்டருக்கு வேறு முகம் வேண்டுமா, ஒரு வாரத்தில் செய்யலாம். நான் இதை எதிர்ப்பவன் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வாங்க வந்தவனின் பையைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டும் துணிச்சல் அந்தக் கோப்போடு சேர்ந்து வருமா?

ரோய் இங்கிலாந்து என்றொருவர் இருந்தார். பெயர்தான் அப்படி, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925இல் இங்கே வந்தவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள கிராமங்கள் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்து, அவற்றை வீடு வீடாக அளந்து மாடலாகச் செய்யத் தொடங்கினார். அதுதான் இன்று பெண்டன் அருங்காட்சியகமாக நிற்கிறது. இன்னொருவர் ஊரின் நேற்றை அவ்வூர்க்காரர்களைவிடக் கவனமாகப் பார்க்க வெளியாள் ஒருவரால் முடியும் என்பதற்கு அவர் சாட்சி. எஞ்சினை எடுத்துக்கொண்டு உட்காரும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

எண்ணை முடிவு செய்தேன். வருஷத்தையும் முடிவு செய்தேன்: 1934. படத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கண்காட்சிக்குப் போனேன். அவருடைய இடத்தில் கேக் மேசை இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை, இனி வேன் ஓட்ட முடியாது, கடையை விட்டுவிட்டார் என்றார்கள். அச்சுகளையும் மூல உருவங்களையும் வேறொருவர் வாங்கியிருக்கிறார். அது நல்ல செய்தி. பல மேசைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புதியவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பகலில் வேறு வேலை பார்க்கிறவர். வேகன் சாமான்களிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி வார்க்கத் தொடங்கியிருப்பதாகவும் எஞ்சின் புகைபோக்கிகளுக்கு வர நாளாகும் என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: “எந்த வருஷத்துக்கு வேணும்?”

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

என் டீன் கூட்ஸ் புகைபோக்கி இல்லாமல் அலமாரியில் நிற்கிறது. மனைவி தூசி தட்டும்போதெல்லாம் கேட்கிறாள். இன்னும் வரல என்கிறேன்.